ஒரே கண்டு நூல்

மார்ச் 4

திறப்புக்காரிக்கு,

இந்த உறையைச் சுற்றியிருக்கும் முடிச்சை உன்னைத் தவிர யாராலும் பிரிக்க முடியாது. உன் கையை நினைத்துக்கொண்டு போட்ட முடிச்சு இது. மந்திரக்காரர்களின் தபாலையெல்லாம் பதிவு ஆபீஸில் பிரித்துப் படிக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். இதையும் கத்தரிக்கோல் வைத்துப் பார்ப்பார்கள். கத்தரிக்கோல்தான் மழுங்கும்.

உன்னை மலைமேல் ஆஸ்பத்திரிக்கும் என்னை இந்தப் பாலத்துக்கும் மாற்றி இன்றோடு மூன்று வாரம். இது பதினோரு கண் பாலம். ஆறாவது கண்ணுக்கு அடியில் ஒரு கல் அறை, அதுதான் என் வேலையிடம். சுவரில் நாற்பத்தோரு இரும்பு வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் போட்ட வருஷத்தின் சீட்டு. விரிசல் கண்ட முதல் வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு இந்தப் பாலத்தைக் கட்டிக் காத்து வருகிறோம். தினமும் நாலாயிரம் பேர் மேலே நடக்கிறார்கள். வந்த முதல் வாரமே பழைய நூலையெல்லாம் மாற்றி, நாற்பத்தொன்றையும் புதிதாகப் போட்டுவிட்டேன். விரல்கள் இன்னும் வீங்கியிருக்கின்றன.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்காதான். என்னைப் பெற்றவள் மாதிரி வளர்த்தவள். ஆனால் முடிச்சுப் போடுகிற கட்டுக்காரர்களுக்கெல்லாம் தலைமை மேற்பார்வையாளராகவும் இருக்கிறாளே, என்ன செய்ய? ரயில் ஏற்றிவிடும்போது சொன்னாள்: "இன்னொரு தரம் அந்தப் பொண்ணோட பேச்சுவார்த்தை இருந்துச்சுன்னா, உன் கையை நானே ஊமையாக்கிருவேன். தம்பின்னு பாக்க மாட்டேன்." செய்வாள். ஊமையாக்கிய கையால் செருப்பு வாரைக்கூடக் கட்ட முடியாது.

அந்த ஆபீஸ் வரிசை ஞாபகம் இருக்கிறதா? நீ பேனா கேட்டாய். கொடுக்கும்போது விரல் பட்டது. கிளார்க்கின் சட்டைப் பொத்தானெல்லாம் தெறித்து, கோப்பு நாடாக்கள் அத்தனையும் அவிழ்ந்து, காகிதங்கள் கூரைவரை பறந்தன. 'கட்டும் கையும் திறக்கும் கையும் சேரக் கூடாது' என்று சுவரில் மாட்டியிருந்த பலகையும் கழன்று விழுந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். நான் மட்டும் பெஞ்சைப் பார்த்தேன். கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்திருந்த பெஞ்சு அது. அந்தக் கால் கூடியிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எட்டு மாதம் பூங்காவில் ஒரு முழம் இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். அந்த ஒரு முழம்தான் இப்போது இரண்டு நாள் பயணமாகிவிட்டது.

முடிச்சுக்காரன்

மார்ச் 12

அய்யா முடிச்சுக்காரரே,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். வளையம் நாற்பத்தொன்று, நடப்பவர் நாலாயிரம், எல்லாம் கணக்காக இருக்கிறது. என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அதையும் முடிச்சுப் போட்டு எங்காவது மாட்டிவிட்டாயா?

உன் கடிதம் நேற்று வந்தபோது நான் பிரசவ அறையில் இருந்தேன். இரண்டு நாளாக வலி எடுத்தும் குழந்தை இறங்காத ஒரு பெண். ஊரில் பாதிப் பேர் எங்களைக் கதவு உடைக்கிறவர்கள் என்று நினைக்கிறார்கள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயரே 'முடிச்சவிழ்க்கி'தான், திட்டா பெயரா என்று தெரியாமலே திரும்பிப் பார்ப்பேன். உண்மையில் நாங்கள் எதையும் இழுப்பதில்லை. உள்ளங்கையை வைத்துக் காத்திருப்போம். மூடியிருப்பது எதுவானாலும் திறக்க நினைக்கிற நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தில் கூட இருப்போம், அவ்வளவுதான்.

உன் உறை மேல்சட்டைப் பையில் இருந்தது. எப்போது முடிச்சைத் தொட்டேன் என்று எனக்கே தெரியாது. நூல் விரலில் சூடாக வழிந்தது. அதே நொடி அந்தப் பெண் "அம்மா!" என்றாள், குழந்தை என் கையில் இருந்தது. பெரிய நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்து, "என்னடி, நீ பெத்த மாதிரி அழற?" என்றார்.

எனக்குத்தான் எதையும் மூட வராதே. ஊறுகாய் ஜாடி மூடினால்கூடத் தானே திறந்துகொள்ளும். அதனால் இந்தக் கடிதத்தைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, மருந்து லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். வாராவாரம் உன் பாலத்தைத் தாண்டித்தான் போகிறார். நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். நீ மட்டும் முடிச்சுப் போட்டே அனுப்பு.

அடுத்த கடிதத்தில் அந்த ஒரு வரி இருக்க வேண்டும்.

திறப்புக்காரி

மார்ச் 25

திறப்புக்காரிக்கு,

உன் பிளாஸ்திரியைப் பிரிக்க அரைமணி நேரம் ஆயிற்று. சிரித்துக்கொண்டே பிரித்தேன்.

இங்கே ஒரு விசித்திரம். இரண்டு வாரத்துக்கு முன், பட்டப்பகலில், ஏழாவது வளையத்தில் முடிச்சு தானாக நெகிழ்ந்தது. என் கண் முன்னாலேயே. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி பாலத்துக்குள் ஒரு சத்தம். ஓடிப்போய்த் திரும்ப இறுக்கினேன். நான் போட்ட முடிச்சு இதுவரை நெகிழ்ந்ததே இல்லை. என் வேலையில் என்ன குறை என்று தெரியவில்லை, தூக்கம் வரவில்லை.

நீ கேட்ட வரியை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும், உண்மையானால் நான் என்ன செய்வேன்? என்மேல் கோபித்துக்கொள்ளாதே.

முடிச்சுக்காரன்

ஏப்ரல் 6

என் பயந்தாங்கொள்ளிக்கு,

மூன்று தரம் கிழித்தாயா? கிழித்ததையாவது அனுப்பியிருக்கலாமே, ஒட்டிப் படித்திருப்பேன்.

நேற்று சரியாக மூன்று மணிக்கு, மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, உன் முடிச்சைப் பிரித்தேன். இந்தத் தரம் வேண்டுமென்றே மெதுவாக. ஒரு விஷயம் கேட்க வேண்டும், சிரிக்காதே. நூலுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் மலையில் ஆறே இல்லை.

அம்மா வந்திருந்தாள். அவளும் திறப்புக்காரிதானே, என் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "கட்டுறவன் கூட வாழ்ந்தா மூச்சு முட்டிச் செத்துருவ" என்றாள். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து எட்டு மாதம் என்னைத் தொடாதவனாலா எனக்கு மூச்சு முட்டும்? தொடவில்லையே என்றுதான் முட்டுகிறது.

திறப்புக்காரி

ஏப்ரல் 15

இதில் முடிச்சு இல்லை. லாரிக்காரர் படித்தாலும் படிக்கட்டும். இது உன் கைக்கு உடனே வந்தாக வேண்டும்.

ஐந்தாம் தேதி மூன்று மணிக்கு ஒன்பது முடிச்சுகள் ஒரே நேரத்தில் நெகிழ்ந்தன. பாலத்தின் நடுப்பாகம் ஒரு சாண் அசைந்தது. பால்காரர் சைக்கிளோடு விழுந்தார். ஒரு தாய் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அலறியது கீழே இருந்த எனக்குக் கேட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கேட்டது.

உன் கடிதத்தில் 'மூன்று மணி' என்று படித்ததும் அலமாரியைத் திறந்து நூல்கண்டைப் பார்த்தேன். கட்டுக்காரன் முதல் நாள் படிக்கிற பாடம்: ஒரு வேலைக்கு ஒரு கண்டு. ஒரே கண்டின் நூல் எங்கே இருந்தாலும் ஒரே நூல்தான். நான் பாலத்தைக் கட்டிய கண்டிலேயே மிச்சம் இருந்ததை எடுத்து உனக்குக் கடிதம் கட்டியிருக்கிறேன். உனக்கு எழுதும் அவசரத்தில் கை எதை எடுக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. பச்சைப்பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

நீ என் கடிதத்தைத் திறக்கவில்லை. பாலத்தைத் திறந்திருக்கிறாய்.

பதினோராம் தேதி, உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்னால், மூன்றாவதாக ஒன்று தபாலில் போட்டேன். அதே கண்டு. அதை மட்டும் தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

பலகையில் எழுதியிருந்தது சரிதான். நாம் சேரக் கூடாதவர்கள். இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன். அக்கா சோதனைக்கு வருகிறாள், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

ஏப்ரல் 22

முடிச்சுக்காரர் அவர்களுக்கு,

உங்கள் உத்தரவு கிடைத்தது. எழுத வேண்டாம் என்று முடிவெடுத்தது நீங்கள். நான் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்றாவது கடிதம் காலைத் தபாலில் வந்தது. வேலை முடித்து ஆற அமரப் படிக்கலாம் என்று தலையணைக்கு அடியில் வைத்தேன். மத்தியானம் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து, "யம்மா, அந்த மூணாவது கடுதாசியத் தொடாத!" என்று வாசலிலிருந்தே கத்தினார். படித்துவிட்டார். படித்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டு நாள் உங்கள்மேல் இருந்த கோபத்தில் அதன் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் திறக்காமல் வெறுமனே உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன்.

எப்படிச் சொல்வேன்? பதினோரு கண்ணும் என் கைக்கடியில் இருந்தன. தண்ணீர் தூண்களில் மோதுவது, நாலாயிரம் பேரின் காலடி, வெயிலில் கல் விம்முவது, எல்லாம். மலையில் ஒரு கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் தூரத்தில் இருக்கும் ஒரு பாலத்தின் நாடியைப் பார்த்தேன். நாம் இவ்வளவு பெரிய ஒன்றையா கையில் வைத்துக்கொண்டு பயந்துகொண்டிருக்கிறோம்?

இப்போது நன்றாகக் கேளுங்கள். சாகிற உடம்பையும் எனக்குத் தெரியும், வலியில் இருக்கிற உடம்பையும் தெரியும். உங்கள் பாலம் சாகவில்லை. அதற்கு மூச்சு விட இடமில்லை. கோடையில் கல் விரிய வேண்டாமா? நாற்பத்தோரு வருஷமாக இறுக்கினீர்களே, ஒரு முடிச்சையாவது யாராவது ஒரு நாள் தளர்த்தியிருப்பீர்களா? விரிசல் விட்டால் இன்னொரு முடிச்சு. அந்த முடிச்சால்தான் அடுத்த விரிசல்.

நம்ப வேண்டாம். போய்ப் பாருங்கள். என் கை பட்டு நெகிழ்ந்த இடத்தில் விரிசல் பெரிதாகியிருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

திறப்புக்காரி

மே 2

திறப்புக்காரிக்கு,

என்னை 'நீங்கள்' என்று கூப்பிடாதே. திட்டினாலும் பரவாயில்லை.

போய்ப் பார்த்தேன். விளக்கை எடுத்துக்கொண்டு பத்து இடத்தையும் தடவிப் பார்த்தேன். ஏழாவது வளையத்தருகே என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தது. இப்போது ஒரு கோடுகூட இல்லை. கல்லும் கல்லும் கூடியிருக்கின்றன. ஆபீஸ் பெஞ்சின் கால் கூடியிருந்ததே, அதே மாதிரி. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ திறந்தபோது நான் மறுபக்கம் பிடித்திருந்தேன். நாம் இருவரும் சேர்ந்துதான் அந்த விரிசலை மூடியிருக்கிறோம்.

அக்காவிடம் காட்டினேன். வெகுநேரம் கல்லைத் தடவிக்கொண்டே நின்றாள். அப்புறம், "இது நிஜம்னா, நான் முப்பது வருஷமா இந்தப் பாலத்தோட கழுத்தை நெரிச்சிருக்கேன்னு அர்த்தம். அதை என்னால நம்ப முடியாதுடா" என்றாள். பதினைந்தாம் தேதி ஆட்களைக் கூட்டி வந்து இன்னும் பன்னிரண்டு முடிச்சுப் போடப்போகிறாள். பதினாறாம் தேதி என் கையை ஊமையாக்குவாள். பன்னிரண்டு முடிச்சைப் பாலம் தாங்காது. இப்போது இரவு பகலாக முனகுகிறது.

அதற்கு முந்தின நாள், பதினான்காம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு, மூன்றாவது கடிதத்தைத் திற. பாலத்தில் ஈ காக்கை இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நான் அறையில் இருந்து ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து, நீ திறக்கத் திறக்க நூல் விடுவேன். போன தரம் எனக்குத் தெரியாமல் நடந்தது, அதனால்தான் அசைந்தது. இந்தத் தரம் சேர்ந்து செய்வோம்.

மே 8

பாலத்துக்கு அடியிலா நிற்கப் போகிறாய்? உனக்குப் பைத்தியமா? நான் நினைத்தது தப்பாக இருந்தால்? கரையில் நில். கரையில் நின்றால்தான் திறப்பேன்.

மே 11

கரையில் நின்று பிடிக்க முடியாது. இத்தனை நாள் ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தவன் நான். இதில் மட்டும் தள்ளி நிற்க மாட்டேன். பதினான்கு, பன்னிரண்டு மணி. நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் உன் கையை நம்புகிறேன்.

மே 14, மாலை

நீ இருக்கிறாயா?

இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பன்னிரண்டு அடித்ததும் பெரிய நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டுக் காவலுக்கு நின்றார். நான் உடனே பிரிக்கவில்லை. கையை வைத்துக் காத்திருந்தேன். வலி ஏறி வரும், அப்போது கொஞ்சம். இறங்கும், அப்போது நிறுத்தம். நாற்பத்தொன்றையும் அப்படித்தான் திறந்தேன். மூன்றாவதிலோ நாலாவதிலோ மறுமுனையில் உன்னைக் கண்டுபிடித்தேன். நான் திறக்கும்போது நீ விட்டாய், நான் நிறுத்தினால் நீ பிடித்தாய். அய்யோ, உன் கை எவ்வளவு பொறுமையான கை! ஒரு வருஷமாக ஆசைப்பட்டு இன்றைக்குத்தான் உன் கையைப் பிடித்தேன். நடுவில் இரண்டு நாள் பயண தூரம் இருந்தது என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

கடைசி முடிச்சில் ஆஸ்பத்திரி ஜன்னல் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தன. வருஷக்கணக்காகச் சாவி தொலைந்து கிடந்த மருந்து அலமாரி திறந்தது. அத்தனை பெண்களின் கொண்டையும் அவிழ்ந்தது. மூன்று பிரசவம், மூன்றும் அதே நிமிஷம். பிறந்த குழந்தைகள் அழாமல் பார்த்துக்கொண்டிருந்தன. நர்ஸம்மா என்னைத் திட்ட வாயெடுத்து, திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் நூல் மௌனமாகிவிட்டது. தண்ணீர் இல்லை, நீ இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை மணி நேரமாக அதைக் காதில் வைத்துக்கொண்டே இருக்கிறேன்.

உறைக்குள் ஒரே வரி இருந்தது. 'பாலம் இருந்தாலும் சரி, விழுந்தாலும் சரி, எனக்கு நீ வேண்டும்.' ஏப்ரல் பதினொன்றிலேயே எழுதிவிட்டாயா? இதை வைத்துக்கொண்டா நான்கு நாள் கழித்து 'எழுதாதே' என்று எழுதினாய்? உயிரோடு இரு. வந்து உன்னைத் திட்ட வேண்டும்.

மே 17

திறப்புக்காரிக்கு,

இருக்கிறேன்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கையால் எழுதுகிறேன்.

சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாக, பதினான்காம் தேதி பதினொன்றரைக்கே அக்கா வந்துவிட்டாள். கரையில் கூடிய கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அறைக் கதவை நான் உள்ளே கட்டியிருந்தேன். தட்டினாள், திட்டினாள், கடைசியில் சத்தம் நின்றது. போய்விட்டாள் என்று நினைத்தேன். அவள் மேலே ஏறி, காலியான பாலத்தில் நடந்து, ஆறாவது கண்ணுக்கு நேர் மேலே போய் நின்றுகொண்டாளாம். அப்புறம் கேட்டதற்கு, "நீ கீழ கெடக்கும்போது நான் கரையில நின்னு வேடிக்கை பாப்பேனாடா?" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு நீ வந்தாய். நூலில் உன் கை தெரிந்தது. அவசரமே இல்லாத கை. ஒவ்வொரு முடிச்சும் திறக்கும்போது கல் இடுக்கிலிருந்து நாற்பது வருஷத் தூசி கொட்டியது. கடைசி முடிச்சில் பாலம் எழுந்தது. பொய்யில்லை, இரண்டு விரல்கடை எழுந்தது. முதல் கண்ணிலிருந்து பதினோராவது கண் வரை வரிசையாக ஒரு மூச்சு ஓடியது. ஆறே ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் போன மாதிரி இருந்தது. பிறகு பாலம் மெதுவாக இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை. வெளியே வந்தால் கரையில் நூற்றுக்கணக்கான பேர். காய்கறிக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

முதல் ஆளாக அக்கா அந்தக் கரைக்கு நடந்து போய், திரும்பி வந்தாள். அழுதுகொண்டே வந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

நூல் மௌனமானது என்னால்தான். கடைசி இழையை வலது கைக்குள் வைத்து மூடினேன். அந்தக் கை இன்னும் திறக்கவில்லை. மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள், எண்ணெய் தடவினார்கள், வெந்நீரில் வைத்தார்கள். மூடியது மூடியபடி இருக்கிறது. வலியில்லை. உள்ளே ஏதோ துடிக்கிறது.

நேற்று பதினாறாம் தேதி. கையை ஊமையாக்கும் நாள். அக்கா அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "இதைத் திறக்கிறவ ஒருத்திதான் இருக்கா. எழுதுடா, வரச் சொல்லு. ஆபீஸ் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

என்ன பதில் சொல்வாள் என்று தெரியவில்லை. பலகையைத் திரும்ப மாட்டிவிட்டார்களாம். ஆனால் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முடிச்சு இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முடிச்சுக்காரன்

மே 24

பாலத்தின் இந்தக் கரையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு நாள் லாரியில் குலுங்கி இடுப்பு ஒடிந்துவிட்டது. லாரிக்காரர் வழியெல்லாம் நம் கதையை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கதையில் நீ இன்னும் கொஞ்சம் தைரியசாலி.

இறங்கிப் பாலத்தில் ஒரு காலை வைத்தேன். கல் என் பாதத்துக்கடியில் மூச்சு விட்டது. காலை எடுத்துவிட்டேன். நானா, நாமா இதைச் செய்தோம்? இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனையோ பிரசவம் பார்த்தவள், ஒரு மூடிய கையைத் திறக்கப் பயப்படுகிறேன். அப்புறம் அந்தக் கையை விட முடியாதே, அதனால்.

அந்தக் கரையில் உன் அக்கா போலிருக்கிற ஒரு அம்மாவும், பக்கத்தில் ஒரு கையைச் சட்டைக்குள் தூக்கிக் கட்டிய ஒருவனும் நிற்பது தெரிகிறது. ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறான், பழக்கம் போகவில்லை.

இந்தச் சீட்டை லாரிக்காரர் முன்னால் கொண்டு வந்து தருவார். படித்ததும் நடக்க ஆரம்பி. நானும் ஆறாவது கண் வரைக்கும் வருகிறேன்.